திருகோணமலையில் தொடங்கிய ஆய்வும் தேவேந்திரமுனைக் கப்பற்பாதையும்

2022 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், உலகின் மிகப்பெரிய கொள்கலன் கப்பல் நிறுவனமான எம்.எஸ்.சி. தனது கப்பல்களின் பயணப் பாதையில் ஒரு மாற்றத்தைச் செய்தது. இலங்கையின் தென்முனையைக் கடந்து செல்லும் அதன் கப்பல்கள் வழமையான பாதையை விட்டு ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லத் தொடங்கின. இலங்கையைச் சுற்றி ஓடும் அதன் சிறிய கப்பல்கள், நீலத் திமிங்கிலங்கள் நடமாடும் பகுதியில் 10 நொட் வேகத்துக்கும் குறைவாகச் செல்ல வேண்டும் என்றும் முடிவாகியது. செப்டெம்பர் மாதத்தில் இது உலக ஊடகங்களில் செய்தியாக வெளிவந்தது.

அந்த நாட்களில் எமது நாடு எந்த நிலையில் இருந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எரிபொருளுக்காக மைல் கணக்கில் வரிசைகள் நீண்டிருந்தன. ஜனாதிபதி நாட்டை விட்டு வெளியேறியிருந்தார். அந்தக் களேபரத்தில் திமிங்கிலத்துக்காகக் கப்பல் விலகிய செய்திக்கு எமது பத்திரிகைகளில் உரிய இடம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்குப் பின்னால் நாற்பது ஆண்டு வரலாறு ஒன்று இருக்கிறது. அதில் அரசாங்கங்களின் பங்கு குறைவு. இலாப நோக்கற்ற சில சிறிய அமைப்புகளும் அவற்றில் பணியாற்றிய விஞ்ஞானிகளும் தமது தகவல்களைத் தமக்குள் பகிர்ந்து கொண்டதன் வரலாறு அது. அந்த வரலாறு தென்னிலங்கையில் தொடங்கவில்லை. எமது திருகோணமலைக் கடலிலேயே தொடங்கியது. அதனால்தான் இதைத் தமிழில் எழுதி வைப்பது அவசியம் என்று கருதுகிறேன்.

மறைக்கப்பட்ட கணக்கு

இந்து சமுத்திரத்தின் திமிங்கிலங்களைப் பற்றி 1980 களுக்கு முன்னர் உலகம் அறிந்திருந்தது மிகச் சொற்பம். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் நூதனசாலைக் காப்பாளராக இருந்த எட்வர்ட் பிளித் 1859 இல் இப்பகுதி நீலத் திமிங்கிலத்துக்கு 'இந்திக்கா' என்ற பெயரைச் சூட்டினார். இலங்கையில் தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக விளங்கிய பி.ஈ.பி. தெரணியகல, கரையொதுங்கிய திமிங்கிலங்களைப் பற்றிய குறிப்புகளை எழுதி வைத்தார். செத்துக் கரைசேர்ந்தவற்றைக் கொண்டே உயிரோடு இருப்பவற்றை ஊகிக்க வேண்டிய நிலைமை.

1979 இல் சீஷெல்ஸ் நாட்டின் முன்மொழிவை ஏற்று, சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாகப் பிரகடனம் செய்தது. தென் அகலக்கோடு 55 பாகை வரையிலான கடற்பரப்பில் வணிக வேட்டை தடைசெய்யப்பட்டது. புகலிடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்குள் எத்தனை திமிங்கிலங்கள் எஞ்சியிருக்கின்றன என்பதைச் சொல்லக் கூடியவர் எவரும் இருக்கவில்லை.

அதற்கு ஒரு காரணம் பின்னரே வெளிவந்தது. 1963 முதல் 1966 வரையான காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் வேட்டைக் கப்பற் தொகுதிகள் வட இந்து சமுத்திரத்தில் 1,294 நீலத் திமிங்கிலங்களைக் கொன்றிருந்தன. ஏடன் வளைகுடா, மாலைதீவின் மேற்குப் பகுதி, இலங்கைக்கு அண்மித்த கடல் என்று வேட்டை நடைபெற்றது. அந்தக் கணக்கு ஆணைக்குழுவிடம் மறைக்கப்பட்டது. சோவியத் ஒன்றியம் உடைந்த பின்னர், அக்கப்பல்களில் விஞ்ஞானிகளாகப் பணியாற்றியவர்கள் பாதுகாத்து வைத்திருந்த பதிவுகளின் மூலமே 1990 களில் உண்மை வெளிப்பட்டது. ஒரு வல்லரசு தன்னிடம் இருந்த தகவலை மறைத்ததால், ஒரு முழுத் தலைமுறை விஞ்ஞானிகள் தவறான கணக்கை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள்.

டியூலிப் வந்த கதை

புகலிடம் பிரகடனமான பின்னர் அதற்குள் ஓர் ஆய்வை நடத்த வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. உலக வனவிலங்கு நிதியத்தின் நெதர்லாந்துக் கிளை பணம் கொடுத்தது. 10 மீற்றர் நீளமே கொண்ட டியூலிப் என்ற பாய்க்கப்பல் வாங்கப்பட்டது. ஹால் வைட்ஹெட் என்ற இளம் விஞ்ஞானி அதற்குத் தலைமை தாங்கினார். ஜொனதன் கோர்டன், லிண்டி வைல்கார்ட், அபிகேல் அலிங் ஆகியோர் அந்த ஆய்வில் வெவ்வேறு கட்டங்களில் பங்குபற்றியவர்கள். இந்தப் பெயர்களை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இவர்களிற் சிலர் இக்கட்டுரையில் மீண்டும் வருவார்கள்.

அக்காலத்தில் திமிங்கிலத்தைப் பற்றி அறிய அதைக் கொன்று வெட்டிப் பார்க்க வேண்டும் என்ற வாதம் வேட்டை நாடுகளிடம் வலுவாக இருந்தது. உயிரோடு இருக்கும் திமிங்கிலத்திடமிருந்தே அனைத்தையும் அறியலாம் என்று நிரூபிப்பது டியூலிப் குழுவினரின் நோக்கம். அவர்கள் தேடி வந்தது அம்பர் தரும் எண்ணெய்த் திமிங்கிலத்தை. நீரடி ஒலிவாங்கியைக் கடலில் இறக்கி, அதன் 'டிக், டிக்' ஒலியைக் கேட்டு இரவும் பகலும் பின்தொடர்ந்தார்கள். வால் விளிம்பின் வடுக்களையும் வெட்டுகளையும் புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அடையாளம் கண்டார்கள். எண்ணெய்த் திமிங்கிலத்தின் ஒவ்வொரு 'டிக்' ஒலியும் அதன் பெரிய தலைக்குள் எதிரொலித்து, அடுத்தடுத்த துடிப்புகளாக வெளிவரும். துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தை அளந்தால் தலையின் நீளம் தெரியும். தலையின் நீளத்திலிருந்து உடலின் நீளத்தைக் கணிக்கலாம். கோர்டன் இலங்கைக் கடலில் பதிவு செய்த ஒலிகளைக் கொண்டு இந்த முறையைச் சோதித்து, பின்னர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். 1983 ஒக்டோபரில் எண்ணெய்த் திமிங்கிலம் ஒன்று குட்டி ஈன்றதை வைல்கார்டும் வைட்ஹெட்டும் இலங்கைக் கடலிலேயே கண்டு பதிவு செய்தார்கள்.

எதிர்பாராத கண்டுபிடிப்பு திருகோணமலையில் நிகழ்ந்தது. கோணேசர் கோயில் அமைந்திருக்கும் சுவாமிமலையின் அடிவாரத்திலிருந்து வெகுதூரம் செல்லத் தேவையில்லாமல் கடல் சடுதியாக ஆழமாகிறது. துறைமுக வாயிலை நெருங்கும் வரை ஒரு பெரும் கடலடிப் பள்ளத்தாக்கு ஊடுருவி வருகிறது. அதன் ஆழம் வெளிக்கடலில் 3,000 மீற்றரைத் தாண்டும். அந்த நீரில் நீலத் திமிங்கிலங்கள் இருந்தன. துருவக் கடலின் குளிரிலேயே இரைதேடும் என்று பாடநூல்கள் சொன்ன உயிரினம், வெப்பவலயக் கடலில், கரையிலிருந்து பார்க்கக் கூடிய தூரத்தில் இரை தின்று கொண்டிருந்தது.

1984 இல் அலிங் திருகோணமலைக் கடலில் இவற்றின் பாடலை ஒலிநாடாவில் பதிவு செய்தார். மிகத் தாழ்ந்த சுருதிகளையும் கொண்ட பாடல் அது. உலகின் நீலத் திமிங்கிலக் கூட்டங்களை அவற்றின் பாடல்களைக் கொண்டு இனம்பிரிக்கும் விஞ்ஞானிகள் இன்றும் அதை 'இலங்கைப் பாடல்' என்றே வகைப்படுத்துகிறார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நேஷனல் ஜியோகிரஃபிக் சஞ்சிகை இக்கடலின் திமிங்கிலங்களைப் பற்றிய வைட்ஹெட்டின் கட்டுரையை உலகெங்கும் கொண்டு சென்றது.

கடல் மூடப்பட்ட காலம்

டியூலிப் திருகோணமலையில் நின்ற காலம் எது என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1983 யூலை வன்செயலில் திருகோணமலையும் எரிந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் போர் கடலையும் விழுங்கியது. ஆய்வுக் கப்பல்கள் கிழக்குக் கடலை விட்டு அகன்றன. டியூலிப் குழுவினரின் நீலத் திமிங்கில ஆய்வறிக்கை ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் வெளியீடாக 1991 இல்தான் அச்சேறியது.

விஞ்ஞானிகளுக்குக் கடல் மூடப்பட்டது ஓர் இழப்பு. எமது கடற்றொழிலாளர்களுக்கு அது வாழ்வின் இழப்பு. உயர் பாதுகாப்பு வலயம், மீன்பிடித் தடை, இரவில் கடலுக்குச் செல்லத் தடை, இயந்திர வலுவுக்குக் கட்டுப்பாடு என்று கால் நூற்றாண்டு கழிந்தது. போர்நிறுத்த உடன்படிக்கைக் காலத்தில், 2003 இல், செய்தி சேகரிப்பதற்காக நான் திருகோணமலைக்குச் சென்றிருந்தேன். மீள்குடியேற்றம் பற்றி விசாரித்துக் கொண்டிருந்த வேளையில், கரைவலைத் தொழிலில் நரைத்துப்போன முதியவர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "தம்பி, மாசி பங்குனியில அந்தப் பெரிய மீன் கோணேசர் மலைக்கு வெளியால ஊதிக்கொண்டு போகும். நாங்கள் சின்னனில எண்ணுறனாங்கள். பிறகு கடலுக்குப் போக விட்டால்தானே எண்ண!"

அவர் சொன்னதை அன்று நான் செய்தியாக எழுதவில்லை. எனது பணி வேறாக இருந்தது. பிற்காலத்தில் டியூலிப் ஆய்வைப் பற்றிப் படித்தபோதுதான் அந்த வார்த்தைகளின் பெறுமதி தெரிந்தது. அக்குழுவினர் திருகோணமலையில் நீலத் திமிங்கிலங்களைக் கண்டு பதிவு செய்த பருவமும் பெப்ரவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்டதே. அந்த முதியவரும் அவரது தந்தையும் அதைத் தலைமுறைகளாக அறிந்திருந்தார்கள். அவர்களிடம் எவரும் கேட்கவில்லை.

சிதறியவர்கள் கொண்டு சென்றவை

டியூலிப் திட்டம் முடிந்ததும் அதில் பணியாற்றியவர்கள் பல திசைகளில் பிரிந்தார்கள். கோர்டன், விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியத்தின் சோங் ஒஃப் த வேல் என்ற ஆய்வுப் பாய்க்கப்பலை 1987 முதல் வழிநடத்தினார். வடமேற்கு அத்திலாந்திக்கில் சீல் குட்டிகளை அடித்துக் கொல்வதை எதிர்ப்பதற்காக 1969 இல் கனடாவில் தோன்றிய அமைப்பு அந்த நிதியம். பிரசார அமைப்பு என்று பெயரெடுத்த ஒன்று விஞ்ஞான ஆய்வுக் கப்பலையும் நடத்தியது. திமிங்கில ஒலிகளைக் கணினியில் பதிந்து பகுத்தாய்வதற்காக அக்கப்பலில் எழுதப்பட்ட மென்பொருள்கள் ஏனைய ஆய்வாளர்களுக்கும் இலவசமாக வழங்கப்பட்டன. பணவசதியற்ற நாடுகளின் ஆய்வாளர்களுக்கு அது எத்தகைய உதவி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அலிங் அமெரிக்காவின் அரிசோனாவில் 'பயோஸ்பியர் 2' என்ற மூடிய கண்ணாடிக் கூடத்துக்குள் 1991 முதல் 1993 வரை வாழ்ந்த எட்டுப் பேரில் ஒருவரானார். பின்னர் பயோஸ்பியர் மன்றம் என்ற அமைப்பை நடத்தினார். வைல்கார்ட் கடலில் மனிதர் எழுப்பும் இரைச்சலைப் பற்றிய ஆய்வில் ஈடுபட்டு, சுவிற்சர்லாந்தில் 1989 இல் உருவான ஓஷன்கெயார் அமைப்பின் நிபுணர்களில் ஒருவரானார்.

இன்னொரு கப்பலும் வந்தது. திமிங்கிலங்களின் பாடலை உலகுக்கு அறிமுகப்படுத்திய றோஜர் பெய்ன் 1971 இல் தொடங்கிய ஓஷன் அலையன்ஸ் அமைப்பின் ஒடிசி என்ற கப்பல், 2000 முதல் 2005 வரை உலகைச் சுற்றியது. எண்ணெய்த் திமிங்கிலங்களின் தோலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்து, கடலில் கலந்துள்ள உலோக நச்சுகளை அளப்பது அதன் பணி. அது 2003 இல் இலங்கைக் கடலுக்கு வந்தபோது, ஆஷா டி வொஸ் என்ற இலங்கை இளம்பெண் அதில் தொற்றிக்கொண்டார். தென்னிலங்கைக் கடலில் நீலத் திமிங்கிலத்தின் செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்டு, இவை இங்கேயே இரை தின்கின்றன என்பதை உணர்ந்தார். தனது வாழ்நாள் ஆய்வு அங்கே தொடங்கியதாக அவர் கூறிவந்திருக்கிறார். 2018 இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு, ஏனைய கடல்களின் நீலத் திமிங்கிலங்களைப் போல கிறில் என்ற சிற்றுயிரை நம்பியிராமல், இலங்கைத் திமிங்கிலங்கள் பெரும்பாலும் ஒருவகைச் சிற்றிறாலையே உண்கின்றன என்று காட்டியது.

வடகிழக்குக் கடல் மூடியிருந்த காலத்தில் கவனம் தெற்கே திரும்பியதில் வியப்பில்லை. மாலைதீவில் பணிபுரிந்த கடல் உயிரியலாளர் சார்ள்ஸ் அண்டர்சன், அராபியக் கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இடையில் திமிங்கிலங்கள் பருவத்துக்கு ஏற்ப இடம்பெயர்கின்றன என்ற கருதுகோளை முன்வைத்திருந்தார். அவ்வாறாயின் தேவேந்திரமுனைக்கு அப்பால் அவை கடந்து செல்ல வேண்டும். தேடியபோது அவ்வாறே காணப்பட்டன. 2008 இன் பின்னர் மிரிஸ்ஸ என்ற மீனவக் கிராமம் திமிங்கிலம் பார்க்கும் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்றது.

கப்பலின் முகப்பில் ஒரு திமிங்கிலம்

திமிங்கிலங்களுக்குப் பிடித்த அதே நீர்தான் கப்பல்களுக்கும் பிடித்தமானது என்பதே பிரச்சினை. சுயஸ் கால்வாயிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் மலாக்கா நீரிணைக்குச் செல்லும் கப்பல்கள், குறுகிய வழியைத் தேடித் தேவேந்திரமுனையை ஒட்டி வளைகின்றன. கிழக்கே செல்பவற்றுக்கு ஒரு தடம், மேற்கே செல்பவற்றுக்கு ஒரு தடம் என்று வீதியைப் போலவே அங்கு கடல் பிரிக்கப்பட்டிருக்கிறது. உலகின் மிக நெரிசலான கப்பற்பாதைகளில் அதுவும் ஒன்று. அப்பகுதியில் கண்டமேடை குறுகியது. ஆழத்திலிருந்து மேலெழும் சத்துள்ள நீர் இரையைப் பெருக்குகிறது. இரை உள்ள இடத்தில் திமிங்கிலம் இருக்கும்.

2012 மார்ச் மாதத்தில் கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முகப்பில் இறந்த நீலத் திமிங்கிலம் ஒன்று சிக்கிக் கிடந்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். கப்பலில் மோதி மடியும் திமிங்கிலங்களிற் பெரும்பாலானவை எவர் கண்ணிலும் படாமல் அடியில் அமிழ்ந்துவிடுகின்றன. நீலத் திமிங்கிலம் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டியே ஈனும். சிறிய கூட்டம் ஒன்றில் ஆண்டுக்குச் சில மரணங்கள் கூடினாலே கூட்டம் தேயத் தொடங்கிவிடும்.

என்ன செய்யலாம் என்று கண்டறிய 2014, 2015 ஆண்டுகளில் ஒரு கூட்டாய்வு நடைபெற்றது. ருகுணு பல்கலைக்கழகத்தின் கலாநிதி திலக் பிரியதர்சன அதன் முதலாசிரியர். விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியத்தைச் சேர்ந்த ரசல் லீப்பர் கணிப்பீட்டில் தேர்ந்தவர். திமிங்கிலச் சுற்றுலாப் படகில் பணியாற்றி நாளாந்தம் பதிவு வைத்திருந்தவரும் ஆசிரியர்களில் ஒருவர். அவர்களோடு டியூலிப் காலத்தின் இருவர் சேர்ந்திருந்தார்கள். ஒருவர் அபிகேல் அலிங். மற்றவர் ஜொனதன் கோர்டன். திருகோணமலையில் இளைஞர்களாக நின்றவர்கள் முப்பது ஆண்டுகளின் பின்னர் தேவேந்திரமுனைக்கு அப்பால் வந்து நின்றார்கள்.

அவர்கள் செய்த வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டியது. கரையிலிருந்து வெளிக்கடல் நோக்கி முன்கூட்டியே வரைந்த நேர்கோடுகளில் படகைச் செலுத்தி, எந்தத் தூரத்தில் எத்தனை திமிங்கிலங்கள் தென்படுகின்றன என்று எண்ணினார்கள். திமிங்கிலம் இருக்குமிடம் தெரிந்து அங்கே போய் எண்ணினால் கணக்குப் பிழைக்கும். இல்லாத இடத்திலும் அதே கவனத்தோடு தேடி, 'இல்லை' என்று எழுதுவதுதான் இதில் முக்கியம். பின்னர் திமிங்கில அடர்த்தியின் மீது கப்பல் அடர்த்தியைப் பொருத்திப் பார்த்தார்கள். கப்பல்கள் மிகுதியாக ஓடும் பட்டியிலேயே திமிங்கிலங்களும் மிகுதியாக இருந்தன. பாதையை 15 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீற்றர், தெற்கே நகர்த்தினால் மோதும் ஆபத்து 95 வீதம் குறையும் என்பது கணிப்பு. பெருந்தூரப் பயணம் செய்யும் கப்பலுக்கு அதனால் கூடுவது சில கடல் மைல்களே. மீன்பிடி வள்ளங்களும் சுற்றுலாப் படகுகளும் பெருங்கப்பல்களிடமிருந்து தப்பும் என்ற நன்மையும் உண்டு. 2016 இல் அந்த ஆய்வு வெளியானது.

அரசாங்கத்தின் மௌனம்

இத்தகைய மாற்றம் உலகுக்குப் புதிதல்ல. கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் அருகிவரும் ரைட் திமிங்கிலங்களைக் காப்பாற்றுவதற்காக 2003 இலேயே கப்பற்பாதை நகர்த்தப்பட்டது. நியூ இங்கிலாந்து நீர்வாழ் காட்சியகம் என்ற இலாப நோக்கற்ற நிறுவனம் பல்லாண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பதிவுகள் அதற்கு அடிப்படையாக அமைந்தன. அவ்வழியால் எண்ணெய்க் கப்பல்களை ஓட்டும் இர்விங் நிறுவனமே ஆய்வாளர்களோடு ஒத்துழைத்தது. கனடிய அரசு சர்வதேசக் கடல்சார் அமைப்பிடம் முன்மொழிந்தது. மோதும் ஆபத்து ஏறத்தாழ 80 வீதம் குறைந்தது.

மூன்று கால்களில் நின்ற முக்காலி அது. இலங்கையில் இரண்டு கால்கள் இருந்தன. ஆய்வு இருந்தது. உலகக் கப்பல் நிறுவனங்களின் சங்கங்களும் பாதையை மாற்றுமாறு கேட்டன. மூன்றாவது காலான அரசின் முன்மொழிவு 2022 வரையிலும் வரவில்லை. கப்பல்கள் தெற்கே விலகினால் காலி, அம்பாந்தோட்டைத் துறைமுகங்களின் சேவை வருமானம் குறையுமோ என்ற அச்சம் அதிகாரிகளிடம் இருந்தது. அந்த அச்சத்தை ஏளனம் செய்வதற்கில்லை. வெளிநாட்டுச் செலாவணிக்காகத் தவிக்கும் நாடு அது. ஆனால் துறைமுகத்துக்கு வரவேண்டிய கப்பல் எப்படியும் வரும். நிற்காமல் கடந்து செல்லும் கப்பல் கரைக்கு அருகே சென்றாலும் வருமானம் எதுவும் இல்லை.

அரசு அசையாத நிலையில் அமைப்புகள் வேறு வழியைத் தேடின. விலங்கு நலனுக்கான சர்வதேச நிதியமும் ஓஷன்கெயாரும் இந்திய வனவிலங்கு நம்பிக்கை நிதியமும் தமது கணக்கை நேரடியாகக் கப்பல் நிறுவனங்களின் மேசையில் வைத்தன. எம்.எஸ்.சி. விலகியது அவ்வாறுதான். பின்னர் வேறு சில நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இருப்பினும் இது விருப்பத்தின் பேரிலான ஏற்பாடு. விதி மாறாதவரை, விரும்பாத நிறுவனத்தின் கப்பல் பழைய பாதையிலேயே செல்லலாம்.

கூட்டு முயற்சியின் மறுபக்கம்

எமது நாட்டில் 'என்.ஜி.ஓ.' என்ற சொல்லே சந்தேகத்தோடு உச்சரிக்கப்படுவது. வெளிநாட்டுப் பணம், மறைமுக நோக்கம் என்ற குற்றச்சாட்டுகளை நான் பத்திரிகைத் துறையில் நுழைந்த நாளிலிருந்து கேட்டு வருகிறேன். அவற்றில் அரசியல் நோக்கத்தோடு சொல்லப்பட்டவையே பெரும்பான்மை. ஆயினும் நியாயமான விமர்சனம் ஒன்று உண்டு. அதை முன்வைத்தவர் ஓஷன்ஸ்வெல் அமைப்பை 2017 இல் நிறுவிய ஆஷா டி வொஸ் அவர்களே. பணக்கார நாட்டு ஆய்வாளர்கள் வானத்திலிருந்து குதித்தவர்கள் போல வந்து, தகவல்களைச் சேகரித்துக்கொண்டு, உள்ளூரில் ஒருவரையும் பயிற்றாமல் திரும்புவதை 'பாரசூட் விஞ்ஞானம்' என்று அவர் சாடினார். 2020 இல் அவர் எழுதிய கட்டுரை உலக அளவில் விவாதத்தைக் கிளப்பியது.

இந்த விமர்சனத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஏற்றுக்கொண்டபடியே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1984 இன் அந்தத் திருகோணமலை ஒலிப்பதிவு பேணப்பட்டு, பிறருக்குத் திறந்து விடப்பட்டிராவிட்டால் பின்வந்தவை நிகழ்ந்திரா. ஓமான் கடலின் நீலத் திமிங்கிலங்களும் இலங்கையுடையவையும் ஒரே கூட்டம் என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது. ஆபிரிக்க நீர்வாழ் பாதுகாப்பு நிதியம், ஓமான் சுற்றாடல் சங்கம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று தாம் பதிந்த பாடலை இலங்கைப் பாடலோடு ஒப்பிட்டு, அது வேறானது என்று 2020 இல் அறிவித்தது. அணுகுண்டுச் சோதனைகளை ஒட்டுக் கேட்பதற்காக டியகோ கார்சியாவுக்கு அருகே வைக்கப்பட்ட ஒலிவாங்கிகளின் பதிவுகளை ஆராய்ந்த மற்றொரு குழு, 2021 இல் மேலும் ஒரு பாடலை வெளிக்கொணர்ந்தது. பாடல் வேறானால் கூட்டமும் வேறாக இருக்கலாம். அவ்வாறாயின் 'இலங்கைப் பாடல்' பாடும் கூட்டம் நாம் நினைத்ததிலும் சிறியதாக இருக்கக் கூடும். தேவேந்திரமுனையில் மடியும் ஒவ்வொரு திமிங்கிலத்தின் இழப்பும் அதனால் பெரிதாகிறது.

2015 இல் உருவான அராபியக் கடல் திமிங்கில வலையமைப்பு இத்தகைய பகிர்வை ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவந்தது. பாகிஸ்தானில் உலக வனவிலங்கு நிதியம் சூரைமீன் படகுகளின் ஓட்டிகளையே பதிவாளர்களாகப் பயிற்றியிருக்கிறது. எந்த இடத்தில், எந்த நாளில், எந்த உயிரினம் தென்பட்டது அல்லது வலையில் சிக்கியது என்பதை அவர்களே குறித்து அனுப்புகிறார்கள். எழுத்தறிவு குறைந்த தொழிலாளர்கள் என்று எவரும் அவர்களை ஒதுக்கவில்லை. அவர்களின் கண்களின்றி அந்தப் பெருங்கடலைப் பார்க்க முடியாது என்பதை விஞ்ஞானிகள் உணர்ந்திருக்கிறார்கள்.

திருகோணமலையில் என்ன குறை? போர் 2009 இல் முடிந்தது. திமிங்கிலங்கள் இப்போதும் வருகின்றன. ஆனால் 'இலங்கைத் திமிங்கிலம்' என்றால் உலகின் பார்வை மிரிஸ்ஸவுக்கே செல்கிறது. முதற் பாடல் பதிவான கிழக்குக் கடல் பின்தள்ளப்பட்டு நிற்கிறது. நான் மேலே குறிப்பிட்ட ஆய்வுகள் எல்லாம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. கோணேசர் மலைக்கு வெளியே தொழில் செய்பவருக்கு அவரது கடலைப் பற்றி உலகம் அறிந்திருப்பது அவரது மொழியில் சென்று சேரவில்லை. அவர் அறிந்திருப்பது உலகின் மொழியில் பதிவாகவுமில்லை. 1983 க்குப் பின்னரான கால் நூற்றாண்டின் பதிவுகள் இல்லாது போனதற்குப் போர் காரணம். இனிவரும் ஆண்டுகளின் பதிவுகள் இல்லாது போனால் அதற்குப் போரைக் காட்ட முடியாது.

புலம்பெயர்ந்த எமது மக்களில் கடலியல் படித்தவர்கள் இருக்கிறார்கள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் திருகோணமலையிலேயே இருக்கிறது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஊர்தோறும் இருக்கின்றன. டியூலிப் 10 மீற்றர் பாய்க்கப்பலாகத்தான் வந்தது. மாசி, பங்குனி மாதங்களில் கடலுக்குச் செல்லும் வள்ளங்களுக்கு நாள், நேரம், இடம், கண்டது, காணாதது என்று ஐந்து பத்திகள் கொண்ட ஒரு பதிவேட்டைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்து, அதைச் சேர்த்துப் பேணும் பொறுப்பை உள்ளூர் மாணவர்களிடம் ஒப்படைத்து, பதிந்தவர்களின் பெயர்களையும் ஆய்வில் சேர்த்துக்கொள்வதற்குப் பெருந்தொகை எதுவும் தேவைப்படாது.